இழுத்துக்கொண்ட பக்கம்

மூளையைப் பற்றி எனக்குப் பாடம் நடந்த இடம், செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு உண்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள், அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மேடம், பார்வைக்கான இடம் மூளையின் பின்பக்கம் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருப்பார். கண் முன்னால் இருக்க, அது பார்ப்பதை எதற்காகப் பின்மண்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இன்றைக்கு யாராவது கேட்டால் நாலு காரணம் சொல்வேன். ஆனால் புரிந்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது.

நான் அப்போது பிளஸ் ஒன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஓ.எம்.ஆர். ரோடு ஓரமாக ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். என் நைனா அந்தக் கட்டடங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் டிரைவர். காலையில் செங்கல்பட்டில் ஏற்றி, திருப்போரூர் வழியாகக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருவார். வேன் அவருடையது இல்லை, ஒரு கான்ட்ராக்டருடையது. அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்தே வேலை செய்தவர்கள். "நம்ம வூட்லயே ஒக்காந்துகினு வேலை செஞ்ச மொத ஆளு நான்தான்" என்று நைனா சொல்லிக்கொள்வார். அந்த டிரைவர் சீட்டின் மேல் அவருக்கு இருந்த மரியாதை எங்கள் மேல்கூட இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வேனில் வந்துபோன ஓர் அக்காதான் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூளை அறிவியலில் ஒரு போட்டி இருக்கிறது, அதில் தேறினால் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் கோடை விடுமுறைக்குப் போய் இருக்கலாம், அதற்குப் பயிற்சி இன்டர்நெட்டில் இலவசமாக நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதி நைனாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தது. நைனா அதை என்னிடம் நீட்டி, "மூளைக்குப் போட்டியாம், நீ போறியா" என்றார். யாருடைய மூளை, யாரோடு போட்டி என்று ஒன்றும் தெரியாமல் நான் சரி என்றேன். என் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாமே இந்த மாதிரிதான், ஒன்றும் விளங்காமல் தலையாட்டி எடுத்தவை.

அம்மாவுக்குத்தான் இதில் நம்பிக்கை இல்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. "மூளைய படிச்சா இன்னா வேலை குடுப்பாங்கோ" என்று கேட்டாள். "ஆராய்ச்சி" என்றேன். "அத்த பண்ணா சம்பளம் யாரு தருவாங்கோ?" எனக்கும் தெரியாது. தெரியாததைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சுள்ளென்று விழுந்தேன். அவளும் விடவில்லை. அன்றைக்குச் சோறு இருவருக்குமே சரியாக இறங்கவில்லை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில். குரல் அடிக்கடி அறுந்துபோகும், அறுந்தால் மேடம் தட்டச்சில் பேசுவார். தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து நாங்கள் ஒரு பதினைந்து பேர் இருந்திருப்போம். யார் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. ஊர் பெயரை வைத்துத்தான் அடையாளம். கேள்விக்குப் பதில் சொன்னால் பாயின்ட் விழும். பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் ஒரு கோயம்புத்தூர்க்காரி. மேடம் கேள்வியை முடிப்பதற்குள் அவளுடைய பதில் வந்து உட்கார்ந்திருக்கும். அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

நான் பட்டியலின் அடிவாரத்தில் இருந்ததற்குக் காரணம் என் மூளை மட்டும் இல்லை என்று இப்போதும் வாதாடுவேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் நரம்பு என்றால் அதற்கு எல்லை கிடையாது. ரத்தம் ஓடுவது நரம்பு. நர்ஸ் ஊசி போடுவது நரம்பில். கழுத்தைத் திருப்பும்போது பிடித்துக்கொள்வது நரம்பு. என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் நெற்றியில் புடைப்பதும் நரம்பு. மேடம் நரம்பு மண்டலத்தைப் பற்றிப் பேசப் பேச, என் தலைக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் டெஸ்டில் செய்தி எப்படிப் பயணம் செய்கிறது என்ற கேள்விக்கு ரத்தத்தில் கரைந்து போவதாக எழுதிவைத்தேன். மேடம் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டு அனுப்பினார்.

அதைவிடப் பெரிய பேஜாரு இடது வலதுதான். மூளையின் இடது பாதி உடம்பின் வலது பாதியை ஆள்கிறதாம். வலது பாதி இடதையாம். சரி, அதை மாற்றிப்போட்டு மனசில் வைத்துக்கொண்டால், ஸ்கேன் படத்தைக் காட்டி, இதில் உங்கள் வலது பக்கம் தெரிவது நோயாளியின் இடது என்றார். ஏனென்றால் நாம் அவருக்கு எதிரே நிற்கிறோமாம். அதையும் மாற்றிப்போட்டேன். இரண்டு முறை மாற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறதே, அப்படியானால் மாற்றுவானேன் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் இடது வலது என்றுகூடச் சொல்ல மாட்டோம். சோத்தாங்கை பக்கம், பீச்சாங்கை பக்கம், அவ்வளவுதான். ஒவ்வொரு கேள்விக்கும் நான் எந்தக் கையில் சாப்பிடுவேன் என்று யோசித்து, அதைத் திருப்பி, பிறகு இங்கிலீஷுக்குக் கொண்டுபோவதற்குள் கோயம்புத்தூர்க்காரி பாயின்டை வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

இருந்தாலும் ஒரு பாடம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. முகம் கோணிப்போன ஒருவர் வந்தால் அது மூளையில் அடித்த ஸ்ட்ரோக்கா, இல்லை முகத்துக்கு வரும் நரம்பு மட்டும் வீங்கியதா என்று நெற்றியைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம் என்றார் மேடம். புருவத்தைத் தூக்கச் சொல்ல வேண்டும். கெட்ட பக்கத்தில் நெற்றி சுருங்கினால் கோளாறு மூளையில். நெற்றியும் சுருங்காமல் வழவழவென்று நின்றால் முகத்து நரம்பில். அதிகம் கெட்டிருந்தால் சின்ன வியாதி, குறைவாகக் கெட்டிருந்தால் பெரிய வியாதி என்பது தலைகீழாக இருந்தது. தலைகீழாக இருந்ததாலோ என்னவோ அது என் மண்டையில் நின்றுவிட்டது. போட்டியில் நோயாளி மாதிரி ஒருவர் நடித்துக் காட்டும் சுற்று உண்டு. அதில் இது மட்டும் வந்தால் போதும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நைனா வேனை எடுத்துக்கொண்டு வேறு சவாரிக்குப் போயிருந்தார். முட்டுக்காட்டில் படகு பார்த்துவிட்டு மாமல்லபுரம் போகும் ஒரு குடும்பம். நாள் முழுக்கக் கடலோர ஈ.சி.ஆர். ரோட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு வந்து படுத்தார். மறுநாள் காலை காபி குடிக்கும்போது வாயோரமாக ஒழுகிச் சட்டையில் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"இன்னாயா இது, மூஞ்சி சோத்தாங்கை பக்கம் இழுத்துகினு கீது."

நைனா பேச வாயைத் திறந்தார். வாய் முழுவதும் வலப்பக்கமாகப் போயிற்று. சொற்கள் குழறின. ஒரு துண்டால் இடது கண்ணையும் அதற்கு மேலேயும் ஒற்றிக்கொண்டே இருந்தார். "ஒன்னுமில்ல, கண்ல தூசு. கடக்காத்து அடிச்சிது, அதான்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, திருக்கழுக்குன்றத்துப் பக்கம் ஒருத்தர் புறா ரத்தம் தடவி உருவிவிடுவார், மூன்று தடவை போனால் நேராகிவிடும் என்றார். நைனா அதற்குச் சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அதற்கு மட்டும் அவர் அசையவில்லை.

"அங்க போனா ஸ்ட்ரோக்குன்னு எழுதுவான். அந்த ஒரு வார்த்த அவன் காதுக்குப் போச்சின்னா வண்டி போச்சி. இஷ்டத்துக்குப் பேசாத."

அவன் என்றது கான்ட்ராக்டரை. நைனா சொன்னதில் பொய் இல்லை. ஸ்ட்ரோக் வந்த ஆளை நம்பி யார் ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றி அனுப்புவார்கள்? சீட்டை விட்டு இறங்கிவிட்டால் அவர் திரும்பவும் குனிய வேண்டியதுதான். அந்தப் பயம் கோணிப்போன அந்த வாயிலும் தெரிந்தது.

நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். இதற்குத்தானே படித்தேன் என்று ஒரு வேகம். நான் எதிரே இருக்கிறேன், என் இடது அவருடைய வலது என்று மெனக்கெட்டு மாற்றிக்கொண்டேன். அம்மா சொன்ன சோத்தாங்கை பக்கம், வலது, அதுதான் கெட்ட பக்கம். "நைனா, புருவத்த தூக்கு" என்றேன். துண்டை எடுக்காமலே தூக்கினார். வலது நெற்றியில் மூன்று கோடுகள் நன்றாக விழுந்தன. கெட்ட பக்கம் நெற்றி சுருங்குகிறது. அப்படியானால் மூளை. சரியாகத்தான் பார்த்தேனா? சுருங்கினால் மூளையா, சுருங்காவிட்டால் மூளையா? அவ்வளவு உறுதியாக இருந்த ஒரே பாடமும் அந்த நிமிஷம் தலைக்குள் குழம்பிக் கலங்கிப்போயிற்று. இன்னொரு தடவை தூக்கச் சொன்னேன். "சும்மா இரு பாப்பா" என்றார்.

வகுப்புக்கு நேரமாகியிருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். உள்ளே நுழைந்ததும் தட்டச்சு செய்தேன், என் அப்பாவுக்கு முகம் கோணிவிட்டது, என்ன செய்வது என்று. மேடம் உடனே பதில் போட்டார். இந்த வகுப்பில் சொந்த மருத்துவ ஆலோசனை தரப்படுவதில்லை, தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். விதிமுறையில் இருந்த வாக்கியம் அது, அப்படியே எடுத்து ஒட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையைக் குத்தியிருப்பேன். டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவரை வைத்துக்கொண்டுதானே கேட்கிறேன்.

அதற்குள் மேடம் எல்லாரிடமும் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். யாராவது ஒரு கேஸ் சொல்லலாம் என்றார். உடனே நான் அப்பா என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதினேன். வயது ஐம்பது, ஆண், டிரைவர், காலையில் எழுந்ததும் ரைட் சைட் ஆஃப் ஃபேஸ் இஸ் புல்டு, அந்தப் பக்கம் நெற்றி சுருங்குகிறது, என்ன வியாதி?

நல்ல கேள்வி என்று மேடம் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டார். பத்து பாயின்ட் என்றார். திரை மளமளவென்று ஓட ஆரம்பித்தது. சேலம் ஒன்று சொன்னது, தூத்துக்குடி ஒன்று சொன்னது. என் நைனாவின் முகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது எனக்கு. கோயம்புத்தூர்க்காரி தெளிவாக எழுதினாள். வலது முகம் செயலிழப்பு, நெற்றி தப்பித்திருக்கிறது, ஆகவே மூளையின் இடது பாதியில் ஸ்ட்ரோக். சரி என்றார் மேடம், பத்து பாயின்ட் அவளுக்கு. நிஜத்தில் இப்படி யாரையாவது பார்த்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி என்று சேர்த்துக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்துவிட்டேன், வயர் இழுத்து கீபோர்டு கீழே விழுந்தது. கடைக்காரர் கத்தியது படிக்கட்டு வரை கேட்டது.

வீட்டில் வந்து, "நைனா, ஸ்ட்ரோக்தான். எங்க க்ளாஸ்ல எல்லாரும் சொல்லிட்டாங்கோ" என்றேன்.

"நீ போய் அத்த எல்லார்ட்டயும் சொன்னியா?"

"பேரு சொல்லல. நீ இப்ப வர்லன்னா கை கால் போயிடும். அப்பறம் வண்டி இருந்து இன்னா பண்ணுவே?"

பதினாறு வயசுப் பெண் அப்படிப் பேசினால் எங்கள் வீட்டில் அறை விழும். அவர் அறையவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், துண்டு கண்ணிலேயே இருந்தது. பிறகு, "அவ்ளோ கரெக்டா தெரியுமா ஒனக்கு" என்று கேட்டார். தெரியும் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு அழுத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. அவர் சட்டையை மாட்டினார். அம்மா ஏற்கெனவே ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், எல்லாம் நன்றாகவே இருந்தது. துண்டை எடுங்க என்றார்கள். நைனா எடுத்தார். ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடுங்க என்றார்கள்.

வலது கண் மூடியது. இடது கண் மூடவில்லை. இமை பாதி வழியில் நின்றது, விழி மட்டும் மேலே உருண்டு வெள்ளையாகத் தெரிந்தது. பயந்துபோய் நான் அம்மா கையைப் பிடித்தேன். புருவத்தைத் தூக்குங்க என்றார்கள். வலது நெற்றியில் கோடு விழுந்தது. இடது நெற்றி தேய்த்த சட்டை மாதிரி ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. ஸ்ட்ரோக் இல்லை, முகத்து நரம்பில் வீக்கம், மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், சீக்கிரம் வந்தது நல்லது, கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பேச்சில் கை வராமல் போனால் கை இழுத்துகிச்சி என்போம். கால் வராமல் போனால் கால் இழுத்துகிச்சி. மூச்சு திணறினால் இழுப்பு. யாராவது போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் படுக்கையில் கிடந்தால் இழுத்துகினு கெடக்கு. எது இழுத்துக்கொண்டதோ அது கெட்டுப்போனது என்றுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். முகத்தில் மட்டும் அது பொய். முகத்தில் கெட்ட பக்கம் ஒன்றும் செய்யாது, சும்மா தொங்கும். நன்றாக இருக்கும் பக்கம்தான் தன் பலத்தில் வாயைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். சோத்தாங்கை பக்கம் இழுத்துகினு கீது என்று அம்மா சொன்னபோது, நான் நல்ல பக்கத்தைக் கெட்ட பக்கம் என்று எடுத்துக்கொண்டு, அந்த நல்ல நெற்றியில் கோடு விழுந்ததைப் பார்த்து, ஸ்ட்ரோக்குக்குத் தேவையான அடையாளத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இடது வலதை நான் அன்றைக்குச் சரியாகத்தான் மாற்றினேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நைனா கேட்டார். "அப்போ ஒங்க க்ளாஸ்ல சொன்னது தப்பா?"

"தப்புதான்."

"தப்புன்னு தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். புறாகிட்ட போயிருப்பேன்." பாதி வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் தப்பு நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கண் முழுதாக மூடும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். தூசு விழுந்தால் அந்தக் கண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாது, நீர் கொட்டும், ரோடு தெரியாது. கான்ட்ராக்டரிடம் முகவாதம் என்று மட்டும் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நாள் தற்காலிகமாக ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டினார். நைனா தினமும் காலையில் ரசக்கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்பி உப்பி ஊதினார், பல்லைக் காட்டினார், விசிலடித்துப் பார்த்தார். விசில் வந்த அன்றைக்கு எங்களுக்கு ஸ்வீட் வாங்கி வந்தார். கண் மட்டும் அவசரம் காட்டவில்லை. தூங்கும்போது அம்மா அதன் மேல் பஞ்சை வைத்து ஒட்டிவிடுவாள். வாரங்கள் போயின. கடைசியில் கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பினார், வர்ற திங்கக்கிழமை அண்ணாத்த வரணும், இல்லன்னா அந்த ஆளையே வெச்சிக்கறேன் என்று.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான், நடுவில் நின்றுபோயிருந்த வகுப்பு மறுபடியும் நடந்தது. மேடம் ஏதோ மாநாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார். பழைய கேஸைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுதினேன், அந்த டிரைவருக்கு ஸ்ட்ரோக் இல்லை, முகத்து நரம்பு, நான் பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று. அப்படியானால் கேஸ் விவரமே பிழை, கொடுத்த விவரத்துக்குக் கொடுத்த பதில் சரி, பாயின்ட் அப்படியே இருக்கும் என்றார். எப்படி மாறியது என்று ஒருவர் கேட்டார். இழுத்துகிச்சி என்பதை இங்கிலீஷில் விளக்கப் பார்த்தேன். இழுத்தல், இழுக்கப்படுதல், தானே இழுத்துக்கொள்ளுதல் என்று மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அழித்தேன். மற்றவர்கள் கொட்டாவி விடுவது தெரிகிற மாதிரி திரை காலியாக நின்றது. கடைசியில் வேறு வழி தெரியாமல், அந்த டிரைவர் என் அப்பா என்று மட்டும் எழுதினேன்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் மௌஸை ஆட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு வரி வந்தது, கோயம்புத்தூரிலிருந்து. இப்போது அவருக்குக் கண் மூடுகிறதா?

எனக்குத் தெரியவில்லை. நைனாவின் வாயைப் பார்த்திருந்தேன், நெற்றியைப் பார்த்திருந்தேன், விசிலைக் கேட்டிருந்தேன். கண்ணைப் பார்க்கும் வேலையை அம்மாவிடம் விட்டிருந்தேன். அந்தக் கண் உருண்டதை ஒரு தடவை பார்த்த பிறகு திரும்பப் பார்க்க எனக்குப் பயம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் மேல் இருந்த எரிச்சல் வழியிலேயே எங்கோ போய்விட்டது.

நைனா சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். மறுநாளைக்கான காக்கிச் சட்டை தேய்த்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வா பாப்பா. ஒங்க அம்மா மூடிச்சின்றா. அவ பேச்ச நம்ப முடியாது. நீ பாத்து சொல்லு."

கண்ணை மூடினார். நான் முதலில் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அதை நம்பாமல் அவருக்குப் பின்னால் போய், அவர் தலைக்கு மேலிருந்து குனிந்து பார்த்தேன், அவருடைய இடது என்னுடைய இடதாகவே இருக்கட்டும் என்று. இறுக்கி மூடு நைனா என்றேன். வலது கண்ணில் இமை முடிகள் உள்ளே புதைந்தன. இடது கண்ணில் புதையவில்லை. இரண்டு இமைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு நூல். நிழலோ என்று நினைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். நிழல் இல்லை.

மூடிச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். போன தடவை நான் அடித்துச் சொன்னது தப்பு, அது நல்லதில் முடிந்தது. இந்தத் தடவை பார்த்தது சரி, அது எதில் முடியும்? அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெல்ல ஆட்டினாள், மூடிச்சின்னு சொல்லுடி என்று.

"இன்னும் கொஞ்சம் கீது நைனா."

"எவ்ளோ?"

"நூலு அளவுக்கு."

"நூலுதானே. கண்ணாடி போட்டுகினு ஓட்னா?"

"திருப்போரூர் ரோட்ல லாரி மண்ணு அடிக்கும். ஒரு தூசு போதும். பின்னால எத்தினி பேரு ஒக்காந்துகினு இருப்பாங்கோ."

அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "இவ சொல்றாளாம். அன்னிக்கி ஸ்ட்ரோக்குன்னா. இவ பேச்ச கேட்டுகினு வண்டிய வுட்றுவியா நீ?"

நைனா எழுந்தார். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். கான்ட்ராக்டரிடம் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. "பரவால்ல, பரவால்ல" என்று நைனா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்தார். அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். "அவ இந்த தபா கரெக்டாத்தான் பாத்தா. அவள ஏன் திட்ற" என்றார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். பெருமைக்கு அழுதேனா, பாவத்துக்கு அழுதேனா என்று இன்றைக்கு வரை பிரிக்க முடியவில்லை.

போட்டிக்கும் போனேன், எழுத்துச் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன், அதைச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பல வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. நைனாவுக்குத்தான் அந்த வேன் திரும்பக் கிடைக்கவில்லை. வாடகைக்கு ஒரு லோடு ஆட்டோ எடுத்து ஓட்டினார். சிமென்ட் மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பாடுதான். முதுகு குனிந்துதான் போயிற்று.

அந்த நூல் மறைய ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கூப்பிட்டார். "இப்ப பாரு" என்று சொல்லிவிட்டு முகத்தை வெளிச்சத்துக்கு நேராக நிமிர்த்தி இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினார். பின்னால் போய், எதிரே வந்து, கிட்டே குனிந்து, எல்லாப் பக்கமும் பார்த்தேன். இரண்டு பக்கமும் இமை முடி ஒரே மாதிரி புதைந்திருந்தது.

"மூடிச்சி நைனா" என்றேன். கேட்ட பிறகும் அவர் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.